அப்பத்தா மிஷினுக்குத் தின்னர் வேண்டாம்

தம்பி, லீவில் ஊருக்குப் போனதும் அப்பத்தாவின் சிங்கர் தையல் மிஷினைச் சுரண்டிவிட்டுப் புதுக் கறுப்பு அடிக்கப் போகிறேன் என்றாய். சிங்கப்பூர் துவாஸ் கப்பல் பட்டறையில் பெயிண்டிங் பார்க்கிறவனுக்கு அப்படித்தான் தோன்றும். அதே வேலையில் தலை நரைத்தவன் நான். கொஞ்சம் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போ.

பழையதை ஒட்ட எடு என்பதுதான் நம் தொழிலின் முதல் பாடம். பிளாஸ்டிங் அடித்து எஸ்ஏ இரண்டரை அளவுக்கு இரும்பை வெளுப்பாக்காமல் பிரைமர் தொடுவதில்லை. ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் பெயிண்டைத் திறக்கவே மாட்டோம். இரும்பின் சூடு டியூ பாயிண்ட்டை விட 3 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். இத்தனை கெடுபிடியும் நியாயம்தான். பெயிண்டுக்கு அடியில் ஒளிந்த துரு, கடல் தண்ணீரில் தகட்டைத் தின்றுகொண்டே இருக்கும்.

ஆனால் அந்த மிஷினின் கறுப்பு நம் பெயிண்டைப் போன்றதல்ல. அதற்கு ஜப்பானிங் என்று பெயர். தார் இனத்து அஸ்பால்டத்தை ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் சேர்த்துக் கரைத்து, வார்ப்பிரும்பில் பூசிச் சூளையில் சுட்டு, மேலே இன்னொரு பூச்சுப் பூசி மறுபடி சுட்டது. அதன் மேல் தங்க நிறப் பூவேலையை ஒட்டி, அதைக் காப்பாற்ற மெல்லிய வார்னிஷ் கொடுத்திருப்பார்கள். பழைய சிங்கர்களில் பெரும்பாலும் அது அவலரக்கு. அன்றைய உலகச் சந்தைக்கு அரக்கு பெரும்பாலும் நம் நாட்டிலிருந்துதான் போனது. சோட்டாநாக்பூர் காடுகளில் பலாச மரத்திலும் பூவ மரத்திலும் பூச்சி சுரந்த பிசின் அது.

அவலரக்கு ஸ்பிரிட்டில் கரையும். தின்னரும் அதை விடாது. 2020இல் டார்மிட்டரி வாசலில் வைத்திருந்தார்களே, அந்த சானிடைசரை ஒரு துணியில் நனைத்துத் துடைத்தால்கூடப் போதும், பூவேலை துணியோடு வந்துவிடும். சூளையில் சுட்ட அந்தக் கறுப்பை ஸ்பிரே டப்பாவால் திரும்பக் கொண்டுவர முடியாது.

தையல் மிஷின் எண்ணெய், பழைய பனியன் துணி, பஞ்சு சுற்றிய குச்சி, இவை போதும். முதலில் கண்ணுக்குப் படாத அடிப்பக்கத்தில் ஓர் ஓரத்தில் தேய்த்துப் பார். துணியில் பழுப்பு மட்டும் வந்தால் தொடரலாம். கறுப்போ தங்கமோ வந்தால் அந்த இடத்தில் கையை எடுத்துவிடு. அந்தப் பழுப்பு, காய்ந்துபோன எண்ணெயும் தூசியும்தான். எண்ணெய் தடவி ஒரு ராத்திரி ஊறவிட்டால் தானாக இளகும். தண்ணீரை ஊற்றாதே, அரக்கு வெளுத்துப் பூத்துவிடும். கண்ணாடி துடைக்கும் அமோனியா திரவமும் ஆகாது. பூவேலை மேல் அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடு. கடைசியில் அரைக்கும் பொடி கலக்காத கார் மெழுகு கொஞ்சம் போதும், முஸ்தபா கடையில் கிடைக்கும். அரக்கைத் துணிப்பந்தில் நனைத்துப் பாலிஷ் ஏற்றுகிற வித்தையும் உண்டு. கை பழகாதவன் பூவேலை மேல் அதை முயலாமல் இருப்பதே நல்லது. தேக்கா சந்தையின் மேல்மாடியில் தையல்கடைகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை போகும்போது, வருஷக்கணக்காகத் துணி உரசிய மிஷினின் முன் விளிம்பைப் பார்த்துவிட்டு வா. அப்பத்தாவின் மிஷினிலும் அந்த இடம் தேய்ந்திருக்கும். அது பழுதில்லை, அவள் உழைத்த தடம். இரும்பு தெரிந்தால் எண்ணெய் தடவி வை.

பழசு என்பதற்காக எல்லாவற்றையும் கும்பிடச் சொல்லவில்லை. ஊசித்தண்டில் துரு இருந்தால் எடு. வெடித்த பெல்ட்டைத் தூக்கிப் போடு. மோட்டார் வைத்த மிஷினென்றால் நைந்த ஒயரை இரக்கமில்லாமல் மாற்று. விட்டுவைத்தால் மேலும் தின்னுமா, வெறுமே மங்கி நிற்குமா என்று பார்க்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டு விஷயத்திலும் இதே கணக்கைப் போடு. ஏஜெண்ட்டுக்குக் கட்ட வாங்கின கடன் துரு. வட்டியோடு தின்னும், அதை அடிவரை சுரண்டி எடு. உன் அண்ணனோடு நின்றுபோன பேச்சு வெறும் மங்கல். நிலத்தைப் பிரித்துக்கொண்டு உறவை முடித்துவிடுகிறேன் என்று போனவாரம் கொதித்தாயே, அது பிளாஸ்டிங். இங்கே வேலைக்கு வந்த நல்ல பையன்கள் பலர், ஒரு லீவுக்குள் எல்லாவற்றையும் முடித்துவிடும் அவசரத்தில் அப்படி ஒட்டச் சுரண்டிவிட்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். அண்ணனிடம் முதல் நாளே கணக்கை எடுக்காதே. மிஷினைத் தூக்கித் திண்ணையில் வைக்க ஓர் ஆள் வேண்டும், அவனைக் கூப்பிடு.

துடைக்கும்போது அடித்தட்டின் வலது பக்கத்தில் நம்பர் தெரியும். முன்னால் இரண்டு எழுத்து இருந்து, முதல் எழுத்து 'ஈ' என்றால், ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்க் ஆலையில் செய்தது. 1880களில் எழும்பிய ஆலை அது, 1980இல் மூடிவிட்டார்கள். பக்கத்து ரயில் நிலையத்துக்கு இன்றும் சிங்கர் என்றே பெயர். நம்பரைப் படம் பிடித்து அனுப்பு, எந்த வருஷத்து மிஷின் என்று பார்த்துச் சொல்கிறேன்.