சொந்த டொமைனில் மெயில்: சில குறிப்புகள்

சின்னக் கம்பெனிக்காரர்கள் சொந்த டொமைனில் மெயில் வேண்டும் என்று வந்தால் நான் முதலில் கேட்பது, டொமைன் யார் கணக்கில் இருக்கிறது என்பதைத்தான். பல இடங்களில் வெப்சைட் செய்து கொடுத்த பையன் தன் கணக்கிலேயே வாங்கி வைத்திருப்பான். அவன் இப்போது வேறு ஊரில், வேறு வேலையில். மற்ற வேலையெல்லாம் ஒரு மதியத்தில் முடியும். அந்தப் பாஸ்வேர்டு கைக்கு வருவதுதான் இழுக்கும்.

*

டொமைன் வாங்கியது ஓரிடம், வெப்சைட் ஓடுவது வேறிடம், மெயில் வரப்போவது இன்னோரிடம். மூன்று பேனலிலும் டிஎன்எஸ் என்றொரு பக்கம் இருக்கலாம். எதில் ரெக்கார்டு போட்டாலும் ‘சேமிக்கப்பட்டது’ என்று பச்சையில் காட்டும். ஆனால் டொமைனின் நேம்சர்வர்கள் எந்த இடத்தைக் காட்டுகின்றனவோ, அங்கே எழுதியதுதான் செல்லும். நேம்சர்வர் ஹோஸ்டிங் கம்பெனியைக் காட்டிக்கொண்டிருக்க, டொமைன் வாங்கிய இடத்தில் எம்எக்ஸ் (மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் ரெக்கார்டு) போட்டுவிட்டு நாள் கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. என்எஸ்லுக்கப்பில் நேம்சர்வர் பெயரைப் பார்த்த பிறகே எதிலும் கை வைக்க வேண்டும்.

*

மெயிலுக்காக நேம்சர்வரையே மாற்ற வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ! எம்எக்ஸையும் இரண்டு மூன்று டெக்ஸ்ட் ரெக்கார்டுகளையும் இருக்கிற இடத்திலேயே சேர்த்தால் போதும். நேம்சர்வரை மாற்றினால் வெப்சைட்டின் ஏ ரெக்கார்டு, பில்லிங்குக்கு வைத்த சப்டொமைன், என்றைக்கோ யாரோ சரிபார்ப்புக்குப் போட்ட டெக்ஸ்ட் எல்லாம் புதிய இடத்தில் திரும்ப எழுதப்பட வேண்டும். ‘பழைய ரெக்கார்டுகளை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்’ என்று சில சேவைகள் சொல்லும். வழக்கமான பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்கின்றன, அவ்வளவுதான். முழுப் பட்டியலையும் வெளியாள் கேட்டால் பெரும்பாலான சர்வர்கள் தருவதில்லை. பழைய பேனலில் ஸோன் ஃபைலை எக்ஸ்போர்ட் செய்து எடுத்துக்கொள்வதே நல்லது.

டிஎன்எஸ் பதில்களுக்குக் கையொப்பமிடும் டிஎன்எஸ்செக் போட்டிருந்தால் இன்னும் கவனம். பழைய டிஎஸ் ரெக்கார்டு ரெஜிஸ்ட்ராரிடம் அப்படியே கிடக்க, நேம்சர்வரை மட்டும் மாற்றினால் மெயிலோடு வெப்சைட்டும் பலருக்குத் திறக்காது.

*

எம்எக்ஸில் வரும் எண் சிறியதாக இருந்தால் முன்னுரிமை அதிகம். 10, 20, 50 என்று போட்டிருந்தால் முதலில் 10-ஐத்தான் தட்டும். 1986-இல் வந்த ஆர்எஃப்சி 974 காலத்து ஏற்பாடு இது. பழைய ஹோஸ்டிங்கின் எம்எக்ஸ் 0 என்ற எண்ணோடு உட்கார்ந்திருந்தால், புதியவை எத்தனை சேர்த்தும் பயனில்லை. நீக்கியே ஆக வேண்டும்.

*

டிஎன்எஸ்ஸில் எதை மாற்றினாலும் 48 மணி நேரம் ஆகும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது நேம்சர்வர் மாற்றத்துக்கான கணக்கு. டாட் காம் பதிவேட்டில் நேம்சர்வர் விவரத்தின் டிடிஎல், அதாவது கேட்டவர்கள் பதிலை நினைவில் வைத்திருக்கும் நேரம், 1,72,800 விநாடி. கணக்குப் போட்டால் இரண்டு நாள். ஆனால் எம்எக்ஸின் டிடிஎல் நம் கையில் இருக்கிறது. முந்தின நாளே 300 விநாடிக்குக் குறைத்துவிட்டால், மாற்றிய சிறிது நேரத்தில் புதிய பெட்டியில் மெயில் விழும். ரெக்கார்டு போடுவதற்கு முன்பே ‘வந்துவிட்டதா’ என்று தேடிப் பார்க்கக் கூடாது. ‘இல்லை’ என்ற பதிலையும் ரிசால்வர்கள் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும்.

இடையில் சர்வர் எதுவும் பதில் சொல்லாமல் போனாலும் பதற வேண்டாம். அனுப்பும் பக்கத்தில் ஒழுங்கான சர்வர் இருந்தால் நான்கைந்து நாள் வரை திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும்.

*

நம் பெயரில் யார் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் ரெக்கார்டு ஒரு டொமைனுக்கு ஒன்றுதான். மெயில் சேவை ஒன்று கொடுக்கும், பில் அனுப்பும் சேவை ஒன்று கொடுக்கும். இரண்டையும் தனித்தனி டெக்ஸ்டாக ஒட்டினால் இரண்டுமே செல்லாது. ஒரே வரியில் சேர்த்து எழுத வேண்டும். அந்த வரியைச் சரிபார்க்க நடக்கும் டிஎன்எஸ் தேடல் பத்தைத் தாண்டக் கூடாது என்றும் விதி.

மெயிலின் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் டிகிம் சாவி நீளமானது. டெக்ஸ்ட் ரெக்கார்டில் ஒரு துண்டுக்கு 255 எழுத்துதான் இடம் என்பதால் 2048 பிட் சாவியைச் சில பேனல்களில் நாமே இரண்டாக உடைத்துப் போட வேண்டியிருக்கும்.

2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புவோருக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் கட்டாயம். ஒரு ஜவுளிக்கடைக்கு அவ்வளவு அனுப்ப என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனாலும் மூன்றையும் போட்டுவிடுவது நல்லது. சரிபார்ப்பில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க்கை முதலில் ‘நன்’ (எதுவும் செய்யாதே) என்று வைத்து, வரும் அறிக்கைகளைச் சில வாரம் படித்த பிறகே இறுக்க வேண்டும்.

*

எல்லாம் சரி, வெளியிலிருந்து மெயில் வருகிறது. ஆனால் சொந்த வெப்சைட்டின் விசாரணைப் படிவத்திலிருந்து வருவது மட்டும் காணோம். டிஎன்எஸ்ஸைக் குடைந்து பயனில்லை. வெப்சைட் இருக்கும் சர்வர், அந்த டொமைனின் மெயில் இன்னமும் தன்னிடம்தான் என்று நினைத்து, எம்எக்ஸைக் கேட்காமலே தன் பழைய பெட்டியில் போட்டுக்கொள்கிறது. சிபேனலில் ‘ஈமெயில் ரூட்டிங்’ போய் ‘ரிமோட்’ என்று மாற்ற வேண்டும். பழைய பெட்டியைத் திறந்தால் வாடிக்கையாளர் கேட்ட விலைப்பட்டியல் விவரமெல்லாம் படிக்காமல் குவிந்திருக்கும். ஹோஸ்டிங் கணக்கை மூடுவதற்கு முன் அதை ஒரு தடவை பார்த்துவிடுவது வியாபாரத்துக்கு நல்லது.