கேளாமல் திறக்கும் கதவு

கணனியொன்றை இயக்கியதும் அது முதலிற் கேட்கும் வினா, 'நீ யார்?' என்பதாகும். பெயரையும் கடவுச்சொல்லையும் சரிவர அளித்தோர்க்கே அது தன் கதவைத் திறக்கின்றது. இவ்வினா நமக்கு மிக இயல்பானதாகப் பழகிப்போயிற்று. எனினும், எல்லாக் கணனிகளும் எக்காலத்தும் இவ்வாறு வினவவில்லை. இவ்வினா எவ்விடத்துப் பொருந்தும், எவ்விடத்துப் பொருந்தாது என்பதைச் சிந்திப்பதற்கு ஒரு வீட்டின் விறாந்தையில் நிகழ்ந்த சிறு சம்பவமொன்று இடமளிக்கின்றது.

அவ்வீட்டின் தலைவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். பாரிசவாதத்தினால் அவரது வலக்கை செயலிழந்திருந்தது. பல்கலைக்கழக மாணவனான மகன், பழைய கணனியொன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி, டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தையும், முற்கால விளையாட்டுகளை இயக்கும் மென்பொருள்களையும் அதில் நிறுவித் தந்தைக்கு அமைத்துக் கொடுத்தான். 1980ஆம் ஆண்டு யப்பானின் நம்கோ நிறுவனம் வெளியிட்ட 'பக்-மான்' அவருக்கு மிகப் பிடித்துப்போயிற்று. சிறியதொரு நெம்புகோலை நான்கு திசைகளிலும் அசைத்தலன்றி வேறெதனையும் அவ்விளையாட்டு வேண்டாது. அதற்கு இடக்கை ஒன்றே போதும். விசைப்பலகைக்குத் தேவை இராமையால் அதனை அலுமாரியில் வைத்துப் பூட்டினார்கள். ஆளியை அழுத்தினால் எவ்வித வினாவுமின்றி விளையாட்டுகளின் பட்டியல் திரையில் தோன்றுமாறு மகன் ஒழுங்கு செய்திருந்தான்.

உண்பதற்கும் உடுப்பதற்கும் பிறர் கையை எதிர்பார்த்திருந்த அப்பெரியவருக்கு, ஒருவரையும் அழையாது தாமே தொடங்கித் தாமே முடிக்கக்கூடியதாக எஞ்சியிருந்த செயல் அஃதொன்றே எனலாம்.

விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பவேண்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மகன் அக்கணனியின் மென்பொருள்களை இற்றைப்படுத்தினான். இடையிலே அது ஒரு வினாவை எழுப்பியது: 'இந்த அமைவுக் கோப்பை நீங்கள் முன்னர் மாற்றியிருக்கிறீர்கள், இப்போது புதிய பிரதியொன்று வந்துள்ளது, புதியதை ஏற்பதா, உங்களுடையதை வைத்திருப்பதா?' ஒன்றுஞ் சொல்லாது விட்டால் பழையதையே அது வைத்திருக்கும். ஆனால், புதியது எதுவும் நல்லதே என்ற எண்ணத்தினாலும் பேருந்துக்கு நேரமாகிவிட்ட அவசரத்தினாலும், அவன் வினாவை முற்றும் வாசியாமல் 'ஆம்' என்று விடையளித்தான். கணனியை அணைத்துவிட்டுப் புறப்பட்டான். மீண்டும் ஒருமுறை இயக்கிப் பார்க்கவில்லை.

இரு வாரங்கள் கழிந்தன. தொலைபேசியிற் பேசியபோதெல்லாம் தந்தையார் குறையொன்றும் கூறவில்லை. மகன் வீடு திரும்பியபோது கணனியின்மீது துணியொன்று போர்த்தப்பட்டிருந்தது. காரணத்தை வினவியபோது அவர் கூறிய விடை இது:

"அது ஏதோ ஒரு சொல்லைக் கேக்குது, தம்பி. எனக்கெண்டு ஒரு சொல்லும் நீ தந்துவிட்டுப் போகேல்லையே. சோதினை நேரத்திலை உன்னை ஏன் குழப்புவான் எண்டு விட்டிட்டன்."

குற்றஞ்சாட்டும் தொனி அவரது குரலில் இருக்கவில்லை. அதுவே மகனை மிகவும் வருத்தியது.

பழுது மிகச் சிறிதே. புகுமுகத் திரையை ஆளும் 'லைற்டீஎம்' என்னும் மென்பொருளின் அமைவுக் கோப்பில், யாருடைய பெயரில் தானாகவே உட்புகவேண்டும் எனக் கூறும் வரியொன்று உண்டு. புதிய கோப்பிலும் அவ்வரி இருந்தது. ஆயின், 'இதனைப் படியாதே' எனக் கணனிக்கு உணர்த்தும் குறி அதன் முன்னே நின்றது. பெயர் இருக்கவேண்டிய இடம் வெறுமையாயிருந்தது. விளையாட்டுகளோ அவர் ஈட்டிய புள்ளிகளோ ஒன்றும் அழியவில்லை. உட்புகுதல் நிகழ்ந்த பின்னரே விளையாட்டுப் பட்டியல் தொடங்கும் என்பதால், வாயில் அடைபட்டதும் உள்ளிருந்தவை யாவும் இல்லாதனபோலத் தோன்றின. மகன் மாற்றியமைத்திருந்த பழைய கோப்புங்கூட, 'பழையது' எனப் பொருள்படும் பின்னொட்டுடன் அருகிலேயே பத்திரமாக வைக்கப்பட்டிருந்தது.

இப்பழுதின் வேர், மகனது அவசரத்துக்கும் அப்பால் கணனியின் வரலாற்றிலே கிடக்கின்றது. கடவுச்சொல் பலர் பகிர்ந்துகொண்ட கணனியிலே பிறந்தது. அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பெர்னாண்டோ கோர்பற்றோவின் தலைமையில் உருவாகி 1961இல் முதன்முறையாகச் செய்து காட்டப்பட்ட நேரப்பகிர்வு முறையில், ஒரே பொறியைப் பலர் பயன்படுத்தினர். ஒருவரது கோப்பை மற்றவர் தொடாதிருக்கக் கடவுச்சொல் வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டே, தமக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதாமையால், அலன் ஷேர் என்னும் ஆய்வு மாணவர் கடவுச்சொற் கோப்பு முழுவதையும் அச்சிட்டெடுத்தார் என்பது சுவையான செய்தி. அம்மரபின் வழியே 1969இல் பெல் ஆய்வுகூடத்தில் யுனிக்ஸ் தோன்றியது. அதன் அமைப்பைத் தழுவி 1991இல் பின்லாந்து மாணவரான லினஸ் ரோவால்ட்ஸ் லினக்ஸை எழுதத் தொடங்கினார்.

மற்றொரு மரபும் உண்டு. 1982இல் வெளிவந்த சின்கிளேயர் ஸ்பெக்றம், கொமடோர் 64 போன்ற வீட்டுக் கணனிகள் எவரையும் பெயர் கேட்டதில்லை. மின்னை இணைத்த மறுகணமே, 'ஆயத்தம்' என்று கொமடோர் திரையில் எழுதிவிட்டுக் காத்திருக்கும். முன்னே இருப்பவர் எவரோ அவரே அதன் எசமானர்.

பழைய விளையாட்டுகளுக்கென இன்று அமைக்கப்படும் இத்தகைய கணனியில் இவ்விரு மரபுகளும் ஒன்றுசேர்கின்றன. உடல் பலர் பகிர்ந்த பொறியினது. உள்ளம் கேள்வியின்றித் திறந்த பொறியினது. இரண்டையும் இணைத்துத் தைத்த ஒற்றை நூலிழையே தானியங்கு உட்புகுதல் என்னும் அவ்வொரு வரி. இற்றைப்படுத்தலின்போது அறுந்தது அவ்விழைதான்.

இழையை மீளத் தைப்பது எளிது. எனினும் மகனுக்கு ஓர் ஐயம் எழுந்தது. அக்கணனி இதுவரை தானாகத் திறந்து வந்தது அவனது சொந்தக் கணக்கினுள்ளேயாகும். அவனது கட்டுரைகளும் கடிதங்களும் அதிலேயே இருந்தன. கணனி முழுவதையும் மாற்றியமைக்கும் அதிகாரமும் அதற்கே இருந்தது. பூட்டு வேண்டுமென்று கணனி வற்புறுத்தியதில் நியாயமில்லையென்று எவ்வாறு கூறுவது? அவன் தன் தயக்கத்தைத் தந்தையாரிடம் சொன்னான். பல்லாண்டு காலம் தபாற்கந்தோர் நடத்தியவர் சற்றுச் சிரித்தார்.

"கந்தோர் வாசல் எல்லாருக்கும் திறந்துதானே இருக்கும், தம்பி. இரும்புப் பெட்டியைத்தான் பூட்டுறது."

மகன் அவ்வாறே செய்தான். தந்தைக்கெனப் புதிய கணக்கொன்றை ஏற்படுத்தினான். விளையாட்டுகளும் அவரது புள்ளிகளும் அதற்குள் வந்தன. கணனியை மாற்றும் அதிகாரம் அதற்கு வழங்கப்படவில்லை. தன் எழுத்துகளைத் தன் கணக்கில் வைத்து, பிறர் படிக்க இயலாதவாறு செய்து, கடவுச்சொல்லாற் காத்துக்கொண்டான். பின்னர், தந்தையின் கணக்கிற் தானாகவே உட்புகுமாறு பணிக்கும் வரியை எழுதினான். இம்முறை அதனைப் பொதுக் கோப்பில் எழுதவில்லை. பயன்படுத்துவோர் தம் விருப்பங்களைத் தனியே எழுதி வைப்பதற்கென அம்மென்பொருள் ஒரு பக்கக் கோப்புறையை அனுமதிக்கின்றது. அதனுள்ளே சிறு கோப்பொன்றை உருவாக்கி அவ்வரியை இட்டான். பொதுக் கோப்பின் புதிய பிரதி வந்து பழையதை நீக்கினாலும், பக்கக் கோப்பு தீண்டப்படாது நிற்கும்.

இறுதியாகக் கணனியை முற்றாக அணைத்தான். தானே அதனை இயக்காமல் தந்தையை அழைத்தான். அவர் இடக்கையால் ஆளியை அழுத்தினார். திரை சிறிது நேரம் இருண்டிருந்தது. பின்னர் பட்டியல் தோன்றியது. அது அவரிடம் எதனையும் கேட்கவில்லை.

பாதுகாப்பு என்பது எல்லா வாயில்களையும் ஒருங்கே அடைப்பதன்று. காக்கப்படவேண்டியது எது, உள்ளே வரவேண்டியவர் யார் என்பனவற்றை அறிந்து பூட்டுவதே பாதுகாப்பாகும். புதுமைக்கு 'ஆம்' என்று கூறுமுன், அது எவருடைய வாயிலை அடைக்கின்றது என்பதை ஒருகணம் வாசித்தறிதல் கற்றோர்க்குக் கடனாம். அவ்வொரு கணத்தை ஒதுக்காமையினாலே, ஒரு முதியவர் பதினான்கு நாட்கள் துணி போர்த்த கணனியின் எதிரே வாளாவிருந்தார்.