புரியில் தொங்கும் பாரம்

யாழ்ப்பாணத்திலே பழைய மொறிஸ் மைனர் கார் வைத்திருப்போர் இருவர் சந்தித்தால் பேச்சு இயந்திரத்தில் தொடங்கி முன் சில்லில் முடியும். இயந்திரத்தைப் பற்றிச் சொல்வதற்குப் பெருமை நிறைய உண்டு. 1990களின் முற்பாதியில், பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடிய இயந்திரம் அது. முன் சில்லைப் பற்றிய பேச்சோ தணிந்த குரலில் நடைபெறும். எவருடைய கார் எந்தச் சந்தியில் முழந்தாள் மடிந்து விழுந்தது என்பதே அப்பேச்சின் பொருள்.

1948ஆம் ஆண்டு ஒக்டோபரில் இலண்டன் ஏள்ஸ் கோட் கண்காட்சியிலே மைனர் முதன்முதல் வெளிவந்தது. அதனை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், 1959இல் மினி காரை உருவாக்கிப் பெரும்புகழ் பெற்றவர். மைனரின் மாதிரி உரு ஒடுங்கியதாய்த் தோன்றவே, அதனை நெடுக்காக இரண்டாக அறுத்து அகட்டிப் பார்த்தார் என்பது நன்கறியப்பட்ட கதை. பொனற்றின் நடுவே ஓடும் பட்டை அந்த 4 அங்குலத்தின் தழும்பாகும். 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றபோது 16 இலட்சத்துக்கு மேற்பட்ட மைனர்கள் செய்யப்பட்டிருந்தன.

அக்காலத்து மலிவான கார்கள் பலவற்றில் முன் சில்லுகள் இரண்டும் ஒரே அச்சிற் பிணைந்திருந்தன. மைனரில் ஒவ்வொரு சில்லும் தன்பாட்டில் ஏறி இறங்கும். அங்கே தட்டுவில்லும் இல்லை, சுருள்வில்லும் இல்லை. காரின் அடியில் நெடுக்காக ஓடும் உருக்குக் கோல் ஒன்று பின்முனையில் இறுகப் பூட்டப்பட்டிருக்கும். முன்முனையிற் சில்லைத் தாங்கும் கீழ்க் கை பொருந்தியிருக்கும். கராஜ்களில் இக்கோலை டோர்ஷன் பார் என்பர். சில்லு மேலெழும்போது கோல் முறுகுகிறது. முறுகிய கோல் மீள முயலும் விசையே வில்லின் தொழிலைச் செய்கிறது. ஈரச் சேலையை முறுக்கிப் பிழிந்த கைகளுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

மேற்கையைத் தேடுவோர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கும். ஷொக் அப்சோபரின் நெம்புகோலே மேற்கை. எண்ணெய் நிறைந்த அந்த வார்ப்பு உடல் அதிர்வைத் தணிப்பதோடு, சில்லின் மேற்புறத்தை நிமிர்த்திப் பிடிக்கும் வேலையையும் செய்கிறது. ஒரு உறுப்புக்கு இரு தொழில். இது சிக்கனம், சிக்கனத்தின் விலை பின்னர்த் தெரியவரும்.

மேற்கைக்கும் கீழ்க் கைக்கும் இடையே நிற்கும் முளையிலேதான் சில்லு திரும்புகிறது. அம்முளையின் இரு முனைகளிலும் புரி வெட்டப்பட்டுள்ளது. புரிகள் ட்றனியன் எனப்படும் உறைகளுக்குள்ளே திருகி நிற்கின்றன. சுக்கானைத் திருப்புந்தோறும் முளை அவ்வுறைகளுள் சிறிது திருகும், பின் மீளும். முறுகிய கோல் கீழ்க் கையை நிலத்தை நோக்கி அழுத்துகிறது; சில்லோ நிலத்தில் ஊன்றி நிற்கிறது. ஆகவே காரின் முன்பாரம் கீழ் ட்றனியனின் புரிகளிலே தொங்குகிறது. ஏறத்தாழ 750 கிலோ நிறையுள்ள அக்காரில் ஒவ்வொரு முன் சில்லின் பங்கும் 200 கிலோ அளவாகும். அவ்வளவையும் தாங்கும் புரிக்குக் கிறீஸ் தவிர வேறு காவல் இல்லை. கிறீஸ் வற்றினால் மண் உட்புகும். மண் புரியை அரத்தைப் போல் அராவும். ஒருநாள் உறை முளையிலிருந்து கழன்றுவிடும். பெரும்பாலும் மெதுவாகத் திருப்பும்போதே இது நிகழ்கிறது. அந்தமட்டில் அதிர்ஷ்டந்தான்.

கோப்பாயிலே ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவரிடம் 1963ஆம் ஆண்டின் மைனர் ஒன்று இருக்கிறது. அதை வாங்கியவர் அப்போதிக்கரியாய் இருந்த அவருடைய தந்தையார். மாதத்தின் முதல் ஞாயிறு காலையில், பழைய சாரம் ஒன்றை உடுத்துக்கொண்டு, சில்லை நிலத்தினின்றும் உயர்த்தி, புதுக் கிறீஸ் மறுபுறம் பிதுங்கி வரும்வரை அடிப்பது அப்பெரியவரின் வழக்கம். சில்லு நிலத்தில் நின்றால் பாரம் தாங்கும் பக்கத்துக்குக் கிறீஸ் செல்லாது என்பதை அவர் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தார். இறக்குமதி இறுகிய 1970–77 காலத்திலும் அவ்வழக்கம் தவறவில்லை. 1990க்குப் பின்னர் கிறீஸே கிடைக்கவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு, குடாநாட்டு மக்கள் மழையிலே தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, அக்கார் ஒன்பது பேரையும் இரண்டு மூட்டை நெல்லையும் சுமந்துகொண்டு நடைவேகத்தில் சேற்றினூடே சென்றது. அன்று அப்புரிகள் எவ்வளவு தேய்ந்தன என்று கணக்கிட எந்தக் கணித ஆசிரியராலும் இயலாது.

1998இல் தந்தையார் காலமானார். அதன்பின் நினைவு வந்தபோது கிறீஸ் அடிக்கப்பட்டது. நினைவு அடிக்கடி வரவில்லை.

2013இல் இலண்டனில் வாழும் மகன், தந்தையின் முதுகுவலியை எண்ணி, ஒரு பொதி அனுப்பினான். மைனரின் முன் சில்லுகளுக்குக் குழாய் வடிவ ஷொக் அப்சோபர் பூட்டுவதற்கான தொகுதி அது. பிரித்தானியாவிலே பழைய கார்ப் பிரியர்களுக்கென இத்தகையவை செய்து விற்கப்படுகின்றன. அனுப்பிய தொகுதியின் அமைப்பை இங்கே கவனித்தல் வேண்டும். பழைய நெம்புகோல் ஷொக் மேற்கையாகவும் இருப்பதால் அதைக் கழற்றி எறிய முடியாது. எனவே அது தன் இடத்திலேயே இருக்க, புதியது கீழ்க் கைக்கும் உடற்சட்டத்திற் பூட்டிய தாங்கிக்கும் இடையே கூடுதலாக நிற்கும். அதிர்வைத் தணிக்கும் வேலை புதியதற்கு. சில்லை நிமிர்த்திப் பிடிக்கும் வேலை பழையதற்கு.

பூட்டிய அன்றே கார் வேறு காராயிற்று. குழியில் இறங்கி ஏறியபின் படகுபோல் ஆடிக்கொண்டிருந்த முன்பகுதி ஒரே அசைவில் அடங்கியது. ஆசிரியர் சாவகச்சேரிக்கும் நெல்லியடிக்கும் போய்வரலானார். புதிதாய்ச் செப்பனிடப்பட்ட வீதிகளும் துணைநின்றன. பின்னர் கார் மகளின் கைக்கு மாறிற்று. அவர் அதிலே தம் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றியிறக்கினார்.

2016இல் ஒரு நண்பகல், பள்ளிக்கூட வாசலிலே காரைத் திருப்பும்போது இடப்பக்க முன் சில்லு வெளிப்புறம் சரிந்து மட்காட்டின் கீழ் மடிந்தது. கார் தன் மூக்கைத் தெருவில் ஊன்றி நின்றது. ஒருவருக்கும் காயமில்லை. அரைமணி நேரத்துக்கு முன்னர் அதே கார் கோப்பாய்–கைதடித் தரவைப் பாதையிலே, இருபுறமும் நீர் நிற்க, மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வந்திருந்தது.

மெக்கானிக் கழற்றிய முளையை ஆசிரியரின் உள்ளங்கையில் வைத்தார். மேற்புரி கூர்மையாய் இருந்தது. கீழ்ப்புரி இருந்த இடம் உருகிய மெழுகுதிரியைப் போல் வழுவழுப்பாய் இருந்தது.

“மாஸ்ரர், புது ஷொக் குடுத்த சுகத்திலை மூண்டு வருசமா ஒருதரும் காருக்குக் கீழை போகேல்லை,” என்றார் அவர். “முந்தி எண்டால் இது தட்டிச் சத்தம் போட்டிருக்கும். நீங்களும் என்னட்டைக் கொண்டு வந்திருப்பியள்.”

ஆசிரியர் மறுமொழி கூறவில்லை. மெக்கானிக்கின் கூற்றில் ஓரளவு மிகை உண்டு. தேய்ந்த ட்றனியன் எப்போதும் ஒலியெழுப்புவதில்லை. எனினும் அடிப்படையில் அவர் சொன்னது சரியே. முதுகுவலி ஒரு முறைப்பாடு. அம்முறைப்பாடு தீர்க்கப்பட்டதும் அதனுடன் சேர்ந்து வரக்கூடிய வேறு முறைப்பாடுகளும் வாயடைத்துப்போயின. இன்னொன்றையும் அவர் காட்டினார். இடப்பக்கத்து நெம்புகோல் ஷொக்கின் சுழலச்சுத் தேய்ந்து, மேற்கையே ஆட்டங்கண்டிருந்தது. புதிய ஷொக் பக்கத்தில் நின்று அதிர்வைத் தணித்தமையால் அவ்வாட்டமும் எவருடைய கைக்கும் எட்டவில்லை.

விபத்தின் செய்தி கேட்ட மகன் மறுவாரமே வேறொரு தொகுதியை அனுப்ப முன்வந்தான். இம்முறை புரிமூட்டு முழுவதையும் நீக்கி, அவ்விடத்திலே பந்துமூட்டு வைக்கும் தொகுதி. பந்துமூட்டிலே புரி கழலும் அபாயம் இல்லை. மாதாந்தம் கிறீஸ் கேட்கும் வழக்கமும் இல்லை. 1971இல் மைனரின் வாரிசாக வந்த மொறிஸ் மரீனா இதே முறுக்குக் கோலையும் நெம்புகோல் ஷொக்கையும் ஏற்றுக்கொண்டு, மேல்மூட்டை மட்டும் பந்துமூட்டாக மாற்றிற்று. பாரம் தொங்கும் கீழ்மூட்டிலே புரியையே விட்டுவைத்தது. இரண்டில் ஒன்றைத்தான் மாற்றலாம் என்றால் கீழுள்ளதை மாற்றியிருக்க வேண்டும் என்று எண்ணத் தோன்றுகிறது.

ஆசிரியர் பந்துமூட்டை விரும்பவில்லை. அவருடைய தயக்கத்தை வெறும் பழைமைப்பற்று என ஒதுக்கிவிடுதல் நியாயமாகாது. புரிமூட்டின் தேய்வைக் கையாற் சோதிக்கலாம், கழற்றலாம், எத்தனையாம் நூலில் தேய்ந்தது என்று காணலாம். மைனருக்குரிய முளைகளும் உறைகளும் கொழும்பிலே தேடினால் அகப்படும். வேற்றுக் காரின் உறுப்புகளால் ஆன தொகுதி தேய்ந்தால் மீண்டும் இலண்டனையே எதிர்பார்க்க வேண்டும். இவை யாவும் வலுவான காரணங்கள்.

மகளின் காரணம் ஒன்றே. “அப்பா, அப்பப்பா மாசம் ஒருக்கால் கீழை படுத்தவர். உங்களுக்கு இப்ப முழங்கால் மடியாது. நான் படுக்கமாட்டன். அப்ப ஆர் படுக்கிறது?”

மகளின் பக்கமே நியாயம் மிகுதியாக நிற்கிறது. இசிகோனிஸ் வரைந்த படத்திலே கோலும் கையும் முளையும் உண்டு. மாதந்தோறும் சாரம் உடுத்துக் கீழே படுக்கும் மனிதர் அப்படத்தில் வரையப்படவில்லை. ஆனால் அவர் இல்லாமல் அப்பொறியமைப்பு நிறைவுறாது. பந்துமூட்டு என்பது அம்மனிதர் இல்லாத வீட்டுக்காகச் செய்யப்பட்டது.

முடிவு உடனே எட்டப்படவில்லை. கார் தேவைப்பட்டமையால், இரு பக்கமும் புதிய முளைகளும் ட்றனியன்களும் பூட்டப்பட்டன. நெம்புகோல் ஷொக்குகளுக்குப் பதிலாகப் புதுக்கி அமைத்தவை வந்தன. குழாய் ஷொக்குகளை நீக்கிவிடலாம் என ஆசிரியர் சொன்னபோது மெக்கானிக் மறுத்துவிட்டார். “அதிலை பிழை இல்லை மாஸ்ரர். பூட்டினதிலை ஒழுங்குதான் பிழை. முதல் மூட்டு, பிறகு ஷொக்.” முறுக்குக் கோல்களை அவர் இடம் வலம் மாறாதபடி சுண்ணாம்புக்கட்டியால் அடையாளமிட்டே கழற்றினார். ஐம்பது ஆண்டுகள் ஒரு திசையில் முறுகிப் பழகிய கோல் மறுபக்கத்தில் நில்லாது.

இலண்டன் தொகுதி அடுத்த ஆண்டு வந்து சேர்ந்தது. அது இன்னும் பெட்டியிலேயே இருக்கிறது. மகள் அதைக் கைவிடவில்லை; தகப்பனாருடன் ஓர் உடன்பாடு செய்துகொண்டார். ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கார் கராஜுக்குப் போகும். மெக்கானிக் கீழ்க் கையின் அடியில் ஜக் வைத்துப் புரியின் பாரத்தை இறக்குவார். மகள் சில்லை மேலும் கீழும் பற்றி ஆட்டிப் பார்ப்பார். தம் கைக்கு ஆட்டம் தெரிந்த அன்றே பெட்டி உடைக்கப்படும். அதில் அப்பாவுக்குப் பேச்சில்லை. பொனற்றின் உட்புறத்திலே மைல் கணக்குகள் கரியினால் வரிசையாக எழுதப்பட்டுள்ளன. முதல் இரண்டும் ஆசிரியரின் கையெழுத்து. மிகுதி யாவும் மகளுடையவை.