முஸாபிரும் முகீமும்

அரபு மொழியில் ‘ஸபர்’ என்னும் சொல்லின் வேர், திரை விலக்குதல் என்னும் பொருளுடையது. மனிதரின் மறைந்த குணங்களை வெளிப்படுத்துவதாலேயே பயணம் இப்பெயர் பெற்றது என்பர் அகராதி ஆசிரியர்கள். தஞ்சைத் தரணியின் முஸ்லிம் குடும்பங்கள் அதனைச் ‘சபர்’ எனத் தமிழாக்கிக்கொண்டு, கடல் கடந்து பிழைக்கச் சென்றவரைச் ‘சபுராளி’ என்றழைத்தன. சபர் இவ்வளவு பழகிப்போன நமக்கும், வெப்ப மண்டல நாடொன்றில் குடிபுகுவதன் இன்பமும் இடரும் எவையென நின்று எண்ணிப் பார்க்கும் வழக்கம் குறைவே.

வெப்பம் நமக்குப் புதிதன்று. குடவாசல் நில நடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் உள்ளது. பினாங்குத் தீவு 5 பாகையை ஒட்டியது. அங்கும் தென்னை, நெல், மழை எல்லாம் உண்டு. எனவே, ‘நம்மூர் போலத்தான்’ என்னும் நினைப்போடு பெட்டி கட்டுகிறோம். அந்நினைப்பு பாதிதான் மெய்.

நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறினர். 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜுலா’ ஏறக்குறைய அரை நூற்றாண்டு அவர்களைச் சுமந்தது. பின்னர் ‘சிதம்பரம்’ ஓடிற்று. 1985-இல் அது நடுக்கடலில் தீப்பற்றியதோடு அவ்வழிப் பயணிகள் கப்பலும் நின்றுபோயிற்று. நான் 1990-களில் விமானத்தில் சென்று, பினாங்கில் நான்காண்டுகள் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தேன்.

இன்பங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். 1801-இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் முற்றத்தில் தமிழ் கேட்டபோது அயலூர் என்ற எண்ணமே அகன்றது. பிற்பகல் மழை பெய்து ஓய்ந்ததும் வீசும் காற்றும், ரம்புத்தானும் மங்குஸ்தானும் மலியும் நாட்களும் மறக்கத்தக்கனவல்ல. தோள்தண்டின் இருபுறமும் சோறும் குழம்பும் தொங்கவிட்டு நம்மவர் தெருத்தெருவாக விற்ற ‘நாசி கண்டார்’ இன்று அந்நாட்டின் புகழ்பெற்ற உணவாகிவிட்டது. மலாய் மொழியில் நாசி என்றால் சோறு என்று நான் முதல் நாள் வகுப்பில் அறிந்தபோது பிள்ளைகளோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

இனி இடர்கள். ஈரக்காற்றில் என் கிதாபுகள் ஆறே மாதத்தில் பூஞ்சை பூத்தன. கொசுவால் டெங்குக் காய்ச்சல் வரும். முற்காலத்தில் தோட்டங்களில் மலேரியா பலரை மாய்த்தது. 1901-இல் கிள்ளானில் வாட்சன் என்னும் மருத்துவர் சதுப்பு நீரை வடியவைத்து அதனைக் குறைத்துக் காட்டினார். ‘பெரிபெரி’ என்னும் நோயின் கதையோ நம் நெல் நாட்டவர் அறியவேண்டிய ஒன்று. வெள்ளையாகத் தீட்டிய அரிசியை உண்ட சீனத் தொழிலாளரை அந்நோய் வாட்டியது. புழுங்கல் அரிசி உண்ட தமிழரைப் பெரும்பாலும் அணுகவில்லை. மலாயாவில் பணியாற்றிய பிராடன் என்னும் மருத்துவர் இதனைக் கவனித்து 1907-இல் நூலாக வெளியிட்டார். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்குவதே காரணமெனப் பின்னர் தெளிவாயிற்று. நம் பெண்கள் அடுப்படியில் செய்துவந்த வேலை கடலுக்கப்பால் உயிர் காத்திருக்கிறது.

உடலுக்கு வரும் இவ்விடர்களுக்கு மருந்தும் தடுப்பும் உண்டு. நான் அஞ்சுவது வேறொன்றை. நம் காவிரிப் படுகையில் காலம் கண்ணுக்குத் தெரியும். ஜூன் 12-இல் மேட்டூர் திறக்குமா என்ற ஏக்கம், ஆடியில் புதுநீர், ஐப்பசியில் அடைமழை, மார்கழியில் பனி, தையில் சம்பா அறுவடை என ஆண்டு படிப்படியாக நகரும். பினாங்கிலோ மழை கூடுவதும் குறைவதும் உண்டேயன்றி, எல்லா மாதமும் ஒரே பசுமை, ஒரே புழுக்கம், ஏறத்தாழ ஒரே நீளமுள்ள பகல். நோன்பு வந்து நினைவூட்டினாலன்றி ஆண்டு கழிந்தது தெரியாது.

என் பெரிய தந்தையார் 1951-இல் மலாயா சென்றார். ‘இன்ஷா அல்லாஹ், அடுத்த வருஷம் வந்துவிடுவேன்’ என்று கடிதந்தோறும் எழுதினார். 1957-இல் அந்நாடு விடுதலை பெற்றபோது நண்பர்கள் குடியுரிமைக்கு மனுச் செய்தனர். ஊர் திரும்பப்போகிறவனுக்கு அது எதற்கு என்று அவர் விட்டுவிட்டார். குடிமக்களல்லாதார்க்கு வேலை அனுமதி வேண்டும் என்ற சட்டம் 1968-இல் வந்தது. அடுத்த ஆண்டில் அது இறுகவே, பல்லாயிரம் இந்தியர் நாடு திரும்பினர். அவரும் 1970-இல் வந்து சேர்ந்தார். பத்தொன்பது ஆண்டுகளில் அவர் ஊர் வந்தது இருமுறை. பன்னிரண்டு வயது மகள் கதவோரம் நின்று, விருந்தாளிக்குச் சொல்வதுபோல் ‘வாங்க’ என்றாளாம். பெரியம்மா பிற்காலத்தில் என்னிடம் சொன்னார்: “குறுவை அறுத்ததும் வர்றேன்னு எழுதியிருந்தா வந்திருப்பாரு தம்பி. அடுத்த வருஷம்னு எழுதினாரு. அங்கே வருஷம் போறது யாருக்குத் தெரியும்?”

ஹனபி மத்ஹபில் ஒரு சட்டமுண்டு. ஓர் ஊரில் பதினைந்து நாள் தங்க நிய்யத்துச் செய்தவன் முகீம். அவன் தொழுகையை முழுமையாகத் தொழவேண்டும். நாளை புறப்படுவேன், மறுநாள் புறப்படுவேன் என்று உறுதியின்றி இருப்பவனோ, ஆண்டுகள் கழிந்தாலும் முஸாபிரே. தொழுகையைச் சுருக்கியே தொழுவான். இதனை மாணவர்க்கு விளக்கும்போதெல்லாம் பெரிய தந்தையார் நினைவுக்கு வருவார். தொழுகையில் அது சலுகை. வாழ்க்கையை அவ்வாறு சுருக்கிக்கொண்டால், குறையும் பங்கு மனைவிக்கும் மக்களுக்கும் உரியது. அவர் அங்கே குடியுரிமையும் பெறவில்லை. இங்கே மகள் வளர்ந்ததையும் காணவில்லை.

இன்று திருச்சியிலிருந்து நான்கைந்து மணி நேரத்தில் கோலாலம்பூர் போய்விடலாம். அங்கே சுற்றுலா விசாவில் சென்று வேலை செய்வது சட்ட விரோதம். பிடிபட்டால் சிறையும் உண்டு. ஏஜெண்டின் வாய்மொழியை நம்பாது வேலை அனுமதியைக் கண்ணால் கண்ட பின்னரே பணம் கொடுங்கள். பாஸ்போர்ட்டைப் பிறர் கையில் விடாதீர்கள்.

இவற்றோடு இன்னொன்றும் செய்யுங்கள். புறப்படுமுன் மனைவியையும் பெற்றோரையும் அமரவைத்து, எத்தனை ஆண்டு, எதற்காக, பிள்ளைகள் வளர்வது எந்த ஊரில் என்று பேசி முடிவு செய்யுங்கள். அங்கேயே வாழ்வதாயின் குடும்பத்தை அழைத்துக்கொண்டு, அந்நாட்டு மொழி கற்று, முகீமாக வாழுங்கள். திரும்புவதாயின் திரும்பும் ஆண்டையும் மாதத்தையும் எழுதி வீட்டில் கொடுத்துச் செல்லுங்கள். அம்மாதம் நம்மூரில் நடவு மாதமா, அறுவடை மாதமா என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். வீட்டிலிருப்போர் வயலைப் பார்த்தே நாளைக் கணக்கிட்டுக்கொள்வார்கள்.