ஏழு பேர் வண்டியும் அம்மாவின் முதுகும்

பெரிய எஸ்.யூ.வி. வைத்திருப்பவனைப் பார்த்துப் பெருமூச்சு விடும் நண்பர்களே, ஒரு ரகசியம். வெளியிலிருந்து பார்த்தால் யானை அம்பாரி. உள்ளே உட்கார்ந்தால் கட்டை வண்டி!

எங்கள் ஊர் மண் ரோட்டுக்காகத்தான் அதை வாங்கினேன். எந்தப் பள்ளத்தையும் ஜம்மென்று தாண்டும். உள்ளே இருப்பவர்கள்தான் கூரையைத் தொட்டுவிட்டு வருவார்கள்.

அம்மாவுக்கு முதுகில் டிஸ்க் கோளாறு. மாசம் ஒருமுறை திண்டிவனம் பக்கத்திலிருந்து சென்னை டாக்டரிடம் கூட்டி வரணும். இரண்டாவது தடவையே கறாராகச் சொல்லிவிட்டாள்: "நான் பஸ்ஸுலயே வந்துடறேன்டா. அதுல பிடிச்சுக்கக் கம்பியாவது இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது.

ஆபீஸில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். "ஷாக் அப்சார்பரை மாத்து" என்றார் அக்கவுன்ட்ஸ்காரர். "ரெண்டு தலகாணி வை" என்றார் டெஸ்பாட்ச் கிளார்க்.

அம்பத்தூர் மெக்கானிக் பாய் மட்டும், வண்டியைத் தொடாமலே ஒரு கேள்வி கேட்டார். "வழக்கமா எத்தனை பேர் சார் போவீங்க?"

"நானும் அம்மாவும்தான்."

"அதான் விஷயம். ஏழு பேரும் மூட்டை முடிச்சும் ஏறினாக்கூடத் தாங்கணும்னு ஸ்பிரிங்கை விறைப்பா போட்டிருக்கான். ரெண்டு பேர் வெயிட்டுக்கு அது சரியா அமுங்காது. ஸ்பிரிங் அமுங்கலேன்னா பள்ளம் நேரா முதுகுக்கு வந்துடும் சார்."

"அப்போ ஷாக் அப்சார்பர்?"

"அடி வாங்குறது ஸ்பிரிங். வாங்கின பிறகு அது ஆடிக்கிட்டே இருக்காம அடக்குறதுதான் ஷாக் அப்சார்பர் வேலை."

பின்பக்க காயில் ஸ்பிரிங் இரண்டையும் மாற்றச் சொன்னார். பழையதில் கம்பித் தடிமன் 16 மில்லிமீட்டர். புதுசில் 15. மற்ற அளவெல்லாம் அதேதான். ஒரே ஒரு மில்லிமீட்டருக்கா இவ்வளவு காசு?

"கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க சார். விறைப்பு, தடிமனோட நாலாம் அடுக்குல ஏறி இறங்கும்."

போட்டேன். 15-ஐ 16-ஆல் வகுத்து, வந்ததை நாலு முறை எழுதிப் பெருக்கினால் 0.77. அதாவது விறைப்பு 23 சதவிகிதம் குறைகிறது! பாய்க்கு மனசுக்குள் ஒரு சல்யூட் போட்டேன்.

பழைய ஸ்பிரிங்கையே ஒரு சுற்று வெட்டித் தருகிற ஆசாமிகளும் உண்டாம். "கிட்டப் போயிடாதீங்க. சுற்று குறைஞ்சா விறைப்பு இன்னும் ஏறும்" என்றார்.

போன மாசம் அம்மாவை அழைத்து வந்தேன். ஸ்பீட் பிரேக்கர் வரும்போதெல்லாம் அவள் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தேன். மதுராந்தகம் வருவதற்குள் தூங்கிவிட்டாள். அந்தத் தூக்கத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

பாய் ஒரு கண்டிஷன் போட்டிருக்கிறார்: "இனிமே ஏழு பேரை ஏத்தாதீங்க சார். பின்பக்கம் உட்கார்ந்துடும்."

அதுவும் நல்லதுக்குத்தான். கல்யாண சீசனில் குடும்பத்தோடு தொற்றிக்கொள்ள வரும் மாமாவிடம் இப்போது தைரியமாகச் சொல்கிறேன்:

"ஸ்பிரிங் தாங்காது மாமா!"