கசியும் வால்வு, கூடிப் பேசும் டாக்டர்கள்

ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்திலிருந்து மூச்சிரைப்போடு பெங்களூருக்கு பஸ் ஏறுபவர்களில் இளம்பெண்களும் உண்டு. அரசின் ஜெயதேவா மருத்துவமனையோ, பொம்மசந்திராவின் நாராயணாவோ, ஒயிட்ஃபீல்டில் 2001 முதல் இலவசமாக இதய அறுவை செய்துவரும் சத்ய சாயி மருத்துவமனையோ, எங்கே போனாலும் எக்கோ பரிசோதனையில் அவர்கள் பலருக்குத் தெரியவருவது ஒன்றுதான்: மைட்ரல் வால்வு கசிகிறது.

இந்த வயதில் அதற்குக் காரணம் பெரும்பாலும் பள்ளிப் பருவத்துத் தொண்டை வலி. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் அந்த வலியைக் கவனிக்காமல் விட்டால் சிலருக்கு ருமாட்டிக் ஜுரம் வருகிறது. மூட்டு வலி போய்விடுகிறது. வால்வில் விழுந்த தழும்பு போவதில்லை. உடலுக்குப் போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பகுதி இடது மேலறைக்கே திரும்பி, நுரையீரலில் அழுத்தம் ஏறுகிறது.

வால்வை மாற்றிவிடலாமே? அங்கேதான் சிக்கல். உலோக வால்வு பல்லாண்டு உழைக்கும். ஆனால் ரத்தம் உறையாதிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் வார்ஃபரின் மாத்திரை கருவைப் பாதிக்கலாம். நிறுத்தினாலோ தாயின் உயிருக்கு ஆபத்து. திசு வால்வு வைத்தால் அந்த மாத்திரை பொதுவாக ஆயுள் முழுக்கத் தேவைப்படாது. ஆனால் இளவயதில் அது சீக்கிரம் பழுதாகி இன்னொரு அறுவைக்கு இழுக்கும். சொந்த வால்வையே சரிசெய்வது உத்தமம். தடித்துச் சுருங்கிய வால்வில் அது எப்போதும் கைகூடாது.

ஒரே டாக்டர் தீர்மானிக்கக்கூடிய விஷயமல்ல இது. 2012ல் ஐரோப்பிய இதய மருத்துவர்களும் அறுவை நிபுணர்களும் சேர்ந்து வெளியிட்ட நெறிமுறைகள் 'இதயக் குழு'வை வலியுறுத்தின. இதய நிபுணர், அறுவை நிபுணர், எக்கோ நிபுணர், மயக்க மருந்து டாக்டர், தேவைப்பட்டால் மகப்பேறு டாக்டர் எல்லோரும் கூடி முடிவெடுக்க வேண்டும்.

ஆள் பார்த்துச் சிகிச்சை செய்வது எத்தனை முக்கியம் என்பதை 2018ல் வந்த இரண்டு ஆய்வுகள் காட்டின. பலவீனமான இதயத்தால் வால்வு கசிந்தவர்களுக்குத் தொடை ரத்தக் குழாய் வழியாக கிளிப் பொருத்தினார்கள். அமெரிக்கா, கனடாவில் நடந்த ஆய்வில் மரணங்கள் குறைந்தன. பிரான்ஸில் நடந்ததில் பலன் தெரியவில்லை. கிளிப் ஒன்றேதான். தேர்ந்தெடுத்த நோயாளிகள் வேறுபட்டதை முக்கிய காரணமாகப் பல நிபுணர்கள் சொல்கிறார்கள்.

நம் ஊரில் இந்தக் குழுவில் ஒருவருக்கு மட்டும் அநேகமாக இடமிருப்பதில்லை: அந்தப் பெண்ணுக்கு. நெஞ்சுத் தழும்போடு கல்யாணம் ஆகுமா என்று அப்பா கேட்கிறார். குழந்தை பெறலாமா என்று மாமியார் கேட்கிறார். மாத்திரையோடு வாழப்போகிறவள், இரண்டாவது அறுவைக்குப் படுக்கப்போகிறவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அவளையும் உள்ளே அழைத்து, அவளுக்குப் புரிகிற மொழியில் பேசிவிட்டு முடிவெடுக்கட்டும். ஊர் திரும்பிய பிறகு, மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் பெனிசிலின் ஊசி போடும் ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸும் அந்தக் குழுவில் ஒருவர்தான்.