‘நாட் ஃபவுண்ட்’ என்றால் ‘இல்லை’ என்று அர்த்தம் இல்லை

ஓப்பன் சோர்ஸுக்கு கான்ட்ரிபியூட் பண்ணுங்க, ரெஸ்யூமேவுக்கு நல்லதுன்னு உங்ககிட்ட குறைஞ்சது பத்து பேராவது சொல்லியிருப்பாங்க. ஆனா ஒரு விஷயத்தை யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. முதல் வாரம் நீங்க ஒரு வரி கோட் கூட எழுதப் போறதில்லை. அந்த சாஃப்ட்வேரை உங்க மெஷின்ல பில்ட் ஆக வைக்கவே அந்த வாரம் போயிடும். சோர்ஸை இறக்குவீங்க, ‘கான்ஃபிகர்’ ஸ்கிரிப்டை ஓட்டுவீங்க, ‘செக்கிங்... யெஸ்’, ‘செக்கிங்... யெஸ்’ என்று திரை முழுக்க ஓடும். கடைசியில் ஒரே ஒரு எரர். ஏதோ ஒரு லைப்ரரி ‘நாட் ஃபவுண்ட்’.

பல பேர் அங்கேயே லேப்டாப்பை மூடிடறாங்க. போன செமஸ்டர்ல என் ஜூனியர் ஒருத்தி அப்படித்தான் வந்து நின்னா. “அக்கா, எனக்கு இதெல்லாம் வராதுக்கா. நான் வேற ப்ராஜெக்ட் எடுத்துக்கறேன்” என்றாள். அவள் கோடில் ஒரு தப்பும் இல்லை, ஏன்னா அவள் இன்னும் கோடே எழுதவில்லை. ஒரு ஸ்கிரிப்ட் சொன்ன ரெண்டு வார்த்தையைத் தன்னைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொண்டாள். இதை எழுத உட்கார்ந்ததே அதனாலதான்.

நான் இதையெல்லாம் கத்துக்கிட்டது டெசராக்ட் வழியா. படத்தில் இருக்கும் எழுத்தைப் படிச்சு டெக்ஸ்டா மாத்தித் தரும் சாஃப்ட்வேர் அது. ஹெச்பி நிறுவனத்தில் 1985க்கும் 1994க்கும் நடுவில் உருவானது. 2005ல் ஓப்பன் சோர்ஸ் ஆச்சு. தமிழும் படிக்கும். எங்க தாத்தாகிட்ட பைண்ட் பண்ணின பழைய தமிழ்ப் பத்திரிகைத் தொகுப்புகள் நாலு இருக்கு. கண்ணில் புரை வந்த பிறகு அந்தப் பொடி எழுத்து அவருக்குத் தெரியறதில்லை. டெக்ஸ்டா மாத்திட்டா மொபைல்ல எழுத்தைப் பெரிசாக்கிக் கொடுத்துடலாம் என்பது என் கணக்கு. நானே படிச்சுக் காட்டலாமேன்னு கேட்பீங்க. பன்னிரண்டு வருஷம் இங்கிலீஷ் மீடியம். நான் ஒரு பக்கம் முடிக்கறதுக்குள்ள தாத்தா தூங்கிடுவார்.

லேப் மெஷின்ல இருந்தது டெசராக்டின் நாலாவது வெர்ஷன். எனக்கு ஐந்தாவது வேணும். சூடோ அனுமதி கிடையாது. அதனால் எல்லாத்தையும் என் ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே சோர்ஸிலிருந்து பில்ட் பண்ணணும். படங்களைத் திறக்கவும் சுத்தம் செய்யவும் டெசராக்ட் லெப்டோனிக்கா என்ற லைப்ரரியை நம்பியிருக்கு. அதை முதலில் பில்ட் பண்ணி ஹோம் ஃபோல்டரில் இன்ஸ்டால் பண்ணினேன். அப்புறம் டெசராக்டின் கான்ஃபிகரை ஓட்டினால், லெப்டோனிக்கா 1.74 அல்லது அதற்கு மேல் வேணும், டெவ் பேக்கேஜை இன்ஸ்டால் பண்ணிப் பாருங்கன்னு சொல்லி நின்னுடுச்சு. 1.74ஐ விடப் புது வெர்ஷன் என் ஃபோல்டரில் சும்மா உட்கார்ந்திருக்கு!

எங்க தேடின?

வீட்ல சாவி காணோம்னு சொன்னா அம்மா கேக்கற முதல் கேள்வி, “எங்க தேடின?” என்பதுதான். பில்ட் எரர் வந்தால் நீங்க கேக்க வேண்டியதும் அதே கேள்வி. ‘நாட் ஃபவுண்ட்’ என்பதை நாம இல்லைன்னு படிச்சுடறோம். அது சொல்றது ‘தேடிய இடத்தில் கிடைக்கவில்லை’ என்று மட்டும்தான்.

எனக்கு வந்த அந்த ஒரே எரருக்குப் பின்னாடி மூணு நிலைமை இருக்கலாம். லைப்ரரியே இல்லாமல் இருக்கலாம். இருந்தும் பழைய வெர்ஷனா இருக்கலாம். சரியான வெர்ஷனே இருந்தும் ஸ்கிரிப்டின் கண்ணில் படாமல் இருக்கலாம். மூணுக்கும் வைத்தியம் வேற வேற.

கண்ணில் படறதுன்னா என்ன? லினக்ஸில் நிறைய ப்ராஜெக்ட்கள் பிகேஜி-கான்ஃபிக் என்ற சின்ன டூலைக் கேட்டுத்தான் லைப்ரரியைத் தேடும். அந்த டூல் லைப்ரரியைத் தேடாது. அதற்கான டாட் பிசி ஃபைலைத் தேடும். ஹெடர் எங்கே, லைப்ரரி எங்கே, வெர்ஷன் என்ன என்பதெல்லாம் அந்த ஃபைலில் இருக்கும். ஆள் வீட்ல இருக்கார், ஆனா ரேஷன் கார்டுல பேர் இல்லைன்னா கடையில அரிசி கிடைக்காது இல்லையா, அந்தக் கதைதான். லெப்டோனிக்காவின் கார்டு, ‘லெப்ட் டாட் பிசி’. அது என் ஹோம் ஃபோல்டரில் இருந்தது. பிகேஜி-கான்ஃபிக் தானாகப் பார்ப்பது சிஸ்டம் ஃபோல்டர்களை மட்டும். பிகேஜி கான்ஃபிக் பாத் என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் என் ஃபோல்டரைச் சேர்த்ததும் கான்ஃபிகர் அந்த இடத்தைத் தாண்டிடுச்சு.

டெவ் பேக்கேஜ் விஷயமும் இதுதான். உபுண்டுவில் லைப்ரரியை ரெண்டா பிரிச்சு வெச்சிருப்பாங்க. ப்ரோக்ராம் ஓட ஒண்ணு போதும். பில்ட் பண்ணத் தேவையான ஹெடரும் டாட் பிசி ஃபைலும் ‘டெவ்’ என்று முடியும் இன்னொரு பேக்கேஜில் இருக்கும். “நான் ஏற்கெனவே இன்ஸ்டால் பண்ணியிருக்கேனே” என்று குழம்பும் பாதிப் பேருக்கு இதுதான் பதில்.

சொல்லாமல் விட்டது

சத்தம் போடும் எரர் நல்ல எரர். சத்தமே இல்லாமல் போறதுதான் படுத்தும். டெசராக்ட் பில்ட் ஆச்சு. தாத்தாவின் பக்கத்தை பிஎன்ஜி படமா கொடுத்தேன். பிஎன்ஜி படிக்கும் ஃபங்ஷன் ‘நாட் ப்ரெசென்ட்’ என்றது. காரணம் ஒரு படி கீழே. லெப்டோனிக்காவுக்கு லிப்பிஎன்ஜி கட்டாயம் இல்லை. இருந்தா சேர்த்துக்கும், இல்லைன்னா கான்ஃபிகர் ஓட்டத்தில் ஒரு ‘நோ’ மட்டும் போட்டுட்டு அது இல்லாமலேயே பில்ட் ஆகிடும். ஜென்ட்டூ லினக்ஸ்காரங்க இந்தப் பழக்கத்துக்கு ‘ஆட்டோமேஜிக்’ என்று பேர் வெச்சிருக்காங்க. டெசராக்டை வெர்ஷன் கேட்டால், லெப்டோனிக்கா எந்தெந்த லைப்ரரியோடு பில்ட் ஆகியிருக்குன்னு பட்டியல் போடும். என் பட்டியலில் பிஎன்ஜி இல்லை.

அப்புறம் வரிசையா ஏறி வந்தேன். ஸீலிப், அதன் மேல் லிப்பிஎன்ஜி, அதன் மேல் திரும்ப லெப்டோனிக்கா, கடைசியில் டெசராக்ட். இந்தத் தடவை லெப்டோனிக்காவிடம் பிஎன்ஜி வேணும்னு ஆப்ஷனில் வெளிப்படையாகவே கேட்டேன். வெளிப்படையாகக் கேட்டுட்டா, கிடைக்காத போது சும்மா தாண்டிப் போகாமல் நின்னு சொல்லும்.

நீங்க சிக்கும்போது செய்ய வேண்டியது இது:

முதலில் கான்ஃபிக் டாட் லாக் ஃபைலைத் திறங்க. கான்ஃபிகருக்கு மந்திரம் ஒண்ணும் தெரியாது. பெரும்பாலும் ஒரு குட்டி சி ப்ரோக்ராம் எழுதி, கம்பைல் ஆகுதா, லிங்க் ஆகுதான்னு பார்க்கும். ஆகலைன்னா ‘நோ’. திரையில் தெரியறது அந்த ‘நோ’ மட்டும். ஏன் ஆகலை என்பது லாகில் இருக்கும். ஃபைலின் கடைசியில் வேரியபிள் பட்டியல்தான் நீளமா இருக்கும், அதைத் தாண்டி மேலே போய் எரர் வரியைத் தேடுங்க.

அடுத்து பிகேஜி-கான்ஃபிக்கிடம் நேரடியா அந்த லைப்ரரியின் வெர்ஷனைக் கேளுங்க. நம்பர் வந்தால் கார்டு இருக்கு. வரலைன்னா எந்த வேரியபிளில் ஃபோல்டரைச் சேர்க்கணும்னு அதுவே சொல்லும்.

சிமேக் என்றால், புதுசா ஏதாவது இன்ஸ்டால் பண்ணின பிறகு பழைய பில்ட் ஃபோல்டரை நம்பாதீங்க. முதல் தடவை கண்டுபிடிச்ச பாதையை அது கேஷில் எழுதி வெச்சுக்கும். புது ஃபோல்டரில் ஆரம்பிங்க.

பில்ட் முடிஞ்சும் ஓட்டும்போது லைப்ரரி கிடைக்கலைன்னா அது வேற தேடல். அதற்கு எல்டிடி கமாண்டை ஓட்டினால் எது ‘நாட் ஃபவுண்ட்’ என்று காட்டும்.

தாத்தாவின் பக்கம் என்ன ஆச்சுன்னு கேட்டால், முக்கால்வாசி சரியா வந்தது. ஆனா அந்தப் பத்திரிகைகள் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னாடி அச்சானவை. தும்பிக்கை போட்ட பழைய ‘லை’, ‘னை’ வரும் இடத்திலெல்லாம் டெசராக்ட் தடுமாறுது. இப்போ அந்த எழுத்துகளுக்காக டெசராக்டைப் பழக்கிக்கிட்டிருக்கேன். தாத்தா பழைய எழுத்தை எழுதிக் காட்டறார், நான் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தறேன். இது என் ஃபைனல் இயர் ப்ராஜெக்டிலேயே இல்லை, மார்க்கும் கிடையாது.

அந்த ஜூனியர் ப்ராஜெக்டை மாத்தலை. அவளுடைய லைப்ரரியும் மெஷினிலேயேதான் இருந்தது, டெவ் பேக்கேஜ் மட்டும் இல்லை. இருபது நிமிஷ வேலை. நீங்களும் மாட்டிக்கிட்டா தயங்காம எங்க லேப் பக்கம் வாங்க. எரரை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பாதீங்க, கான்ஃபிக் டாட் லாக்கோடு வாங்க.